மயிலாப்பூர் அம்மாளும் இங்கிலாந்துத் தோழியும்

ஐயப்பன்தாங்கல் அடுக்ககங்களில் பகலெல்லாம் தனித்திருக்கும் பெண்களுக்கு, இதே சென்னையில் அறுபது ஆண்டுகளுக்கு முன் பூத்த ஒரு நட்பு சொல்லும் சேதி.

காலை பத்து மணி தாண்டிவிட்டால் ஐயப்பன்தாங்கல் பெண்களின் ஊர்.

பள்ளி வேன்கள் போயாயிற்று. கம்பெனி பஸ்கள் போயாயிற்று. மெட்ரோ தூண்களுக்குக் கீழே மவுண்ட் - பூந்தமல்லி சாலை வழக்கம்போல் இரைந்துகொண்டிருக்கும். ஆனால், பஸ் டெப்போவைத் தாண்டி உள்ளே திரும்பி ஏதாவது ஓர் அடுக்கக வளாகத்துக்குள் நுழைந்தால் சத்தம் அடங்கிவிடும். அந்த நேரத்தில் அங்கே மிஞ்சுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகைப் பெண்கள்.

ஒரு வகை, கணவர் காலமான பிறகு திருநெல்வேலியிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ மகன் கூட்டிவந்து வைத்துக்கொண்ட அம்மாக்கள். சொந்த ஊரில் திண்ணையில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். இங்கே எட்டாவது மாடி பால்கனியில் உட்கார்ந்தால், கீழே நகரும் தலைகள் மட்டும் தெரியும். யார், எவர், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. மகனும் மருமகளும் நல்லவர்கள்தான். வீட்டுக்கு வரும்போது இரவு எட்டரை ஆகிவிடுகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு வகை, அதே வீடுகளுக்கு வேலைக்கு வருகிற பெண்கள். காட்டுப்பாக்கம், குமணன்சாவடி பக்கத்திலிருந்து வந்து நாலைந்து வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டுப் போகும் அக்காக்கள், படுக்கையில் விழுந்த பாட்டியைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு தங்கியிருக்கும் பெண்கள். சிலர் தமிழ்கூடத் தெரியாமல் வடகிழக்கிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். கூடத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கும். ஒரே கூரையின் கீழ் இரண்டு பெண்கள் நாளெல்லாம் இருப்பார்கள். "சாப்டீங்களாம்மா?", "மாத்திரை போட்டாச்சா?" என்பதற்கு மேல் பேச்சு நகராது.

தனிமை என்பது மனசு சம்பந்தப்பட்ட விஷயம் என்று ஒதுக்கிவைத்த காலம் போய்விட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்புக்கான ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் அவதிப்படுகிறார் என்கிறது. ஆண்டுக்குச் சுமார் 8,71,000 மரணங்களோடு தனிமைக்குத் தொடர்பு இருப்பதாகவும் கணக்கிடுகிறது. பிரிட்டன் 2018ஆம் ஆண்டிலேயே தனிமைக்கென்று ஓர் அமைச்சரை நியமித்துவிட்டது. நம் ஊருக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. 2021ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் மதிப்பீட்டின்படி, மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கில் கேரளத்துக்கு (16.5 சதவீதம்) அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு (13.6 சதவீதம்). 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் கணவரை இழந்த பெண்கள் 4 கோடிக்கும் மேல்.

வேறு வேறு பின்னணியிலிருந்து வந்த, தனித்துவிடப்பட்ட இரண்டு பெண்கள் தோழிகளாக முடியுமா? ஆக முடியும் என்றால் எதனால்? இதற்குப் பதில் சொல்லும் ஒரு நட்பு இந்த நகரத்திலேயே இருந்திருக்கிறது. ஐயப்பன்தாங்கல் வழியாகப் போகும் மெட்ரோவின் நான்காவது வழித்தடம், பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரை 26.1 கிலோமீட்டர். அதன் கடற்கரை முனைக்குச் சற்று வடக்கே நிற்கிறது ஐஸ் ஹவுஸ் என்கிற விவேகானந்தர் இல்லம். கதை அந்தக் கட்டடத்தையும் மயிலாப்பூரையும் சுற்றியது.

பதினோரு வயதில் முடிந்த வாழ்க்கை

ஆர்.எஸ். சுப்புலட்சுமி 1886ஆம் ஆண்டு மயிலாப்பூரில் பிறந்தார். தஞ்சை மாவட்டம் ரிஷியூரைப் பூர்வீகமாகக் கொண்ட ஆசாரமான பிராமணக் குடும்பம். அப்பா சுப்பிரமணிய ஐயர் பொறியாளர், அம்மா விசாலாட்சி. ஒன்பது வயதில் நாலாம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த குழந்தைக்கு, பதினோரு வயது வாக்கில் கல்யாணம் செய்துவைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே கணவன் இறந்துபோனான். சேர்ந்து வாழ்ந்ததே இல்லை. ஆனால், விதவை.

அந்தக் காலத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்பது நம் பாட்டிகளுக்குத் தெரியும். தலை மழித்து, நார்மடி உடுத்தி, ஒரு வேளைச் சாப்பாட்டோடு அடுக்களை மூலை. நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்களின் எதிரே வந்துவிடக் கூடாது. சுற்றி வீடு நிறைய மனிதர்கள் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் அந்தப் பெண் தனியாள். தனிமைக்கு ஆளில்லா வீடு தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சுப்புலட்சுமியின் பெற்றோர் ஊர்வாய்க்குப் பயப்படாமல் மகளை அந்த மூலைக்கு அனுப்ப மறுத்தார்கள். அப்பாவே படிப்பித்தார். பிறகு சென்னையில் கன்னிகாஸ்திரீகள் நடத்திய பிரசன்டேஷன் கான்வென்ட், அதற்குப் பிறகு மாநிலக் கல்லூரி. வீட்டில் துணையாக இருந்தவர் வாலாம்பாள் சித்தி. அவரும் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். 1911இல் சுப்புலட்சுமி முதல் வகுப்பில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். கன்னிகாஸ்திரீகளிடம் படித்தாலும் அவர் மதம் மாறவில்லை. அவர்களைப் போலவே பொதுவாழ்வுக்குத் தன்னைக் கொடுத்துவிட்டவர் என்பதால் ஊர் அவரை 'சிஸ்டர்' என்றே அழைத்தது. கடைசிவரை அதுவே பெயராக நின்றது.

அயர்லாந்திலிருந்து வந்த அதிகாரி

சுப்புலட்சுமியின் வாழ்க்கையில் முதல் 'பொருந்தாத' தோழி கிறிஸ்டினா லிஞ்ச். அயர்லாந்துக்காரர். கல்யாணமாகாமல் கடல் கடந்து வந்து, சென்னை மாகாணத்துப் பெண்கள் பள்ளிகளை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்த அரசு அதிகாரி. அவருக்கு ஒரு தலைவலி இருந்தது. பெண்கள் பள்ளிக்கூடங்களைத் திறக்கலாம், பாடம் நடத்த ஆசிரியைகள் எங்கே? கிறிஸ்தவ ஆசிரியைகள் இருந்தார்கள். ஆசாரமான இந்துக் குடும்பங்கள் அவர்களிடம் பெண்களை அனுப்பத் தயங்கின. கல்யாணமான இந்துப் பெண்களோ வேலைக்கு வரமாட்டார்கள்.

மிஞ்சியது, வீட்டு மூலைகளில் உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கான இளம் விதவைகள். அவர்களைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கினால் என்ன என்று லிஞ்சுக்குத் தோன்றியது. அந்த யோசனையை நடைமுறையாக்க, அந்த வேதனையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் வேண்டும். அப்படித்தான் இருவரும் சேர்ந்தார்கள். 1912 வாக்கில் எழும்பூரில், சுப்புலட்சுமி குடும்பத்தின் வீட்டிலேயே சில இளம் விதவைகளுடன் விடுதி தொடங்கியது. வாலாம்பாள் சித்தி வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். லிஞ்ச் அரசாங்கத்தில் வாதாடி உதவித்தொகை வாங்கித் தந்தார். சுப்புலட்சுமி வீடு வீடாகப் போய், பெண்ணை அனுப்பச் சொல்லிப் பெற்றோரிடம் பேசினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒருவர் ஆளும் அரசின் அதிகாரி, மற்றவர் அந்த அரசிடம் சம்பளம் வாங்கும் இளம்பெண். சமமான தட்டு அல்ல. ஆனால், ஒருவரிடம் இருந்தது மற்றவரிடம் இல்லை. லிஞ்சுக்கு அக்கிரகாரத்து வாசல் திறக்காது, சுப்புலட்சுமிக்குக் கோட்டைக் கதவு திறக்காது. இரண்டு சாவியும் சேர்ந்தபோதுதான் வேலை நடந்தது.

எண்ணிக்கை கூடக் கூட இடம் போதவில்லை. விதவைகள் விடுதிக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதும் லேசான காரியமா? கடைசியில் கிடைத்த பெரிய இடம் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க, பிரெடெரிக் டியூடரின் கம்பெனி 1842இல் கட்டிய கிடங்கு அது. பின்னாளில் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக மாற்றினார். 1897இல் விவேகானந்தர் சென்னை வந்தபோது தங்கியது அங்கேதான். 1917இல் அரசு அதை விடுதிக்காக வாங்கியது. எதிரே வரக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட பெண்கள், கடற்கரைச் சாலையில் புத்தகத்தோடு கூட்டமாக நடந்து போனார்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்த விடுதி தொடக்கத்தில் பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். சமையலும் ஆசாரமும் கெடாது என்ற உறுதி இல்லாவிட்டால் பெற்றோர் அனுப்பமாட்டார்கள் என்ற கணக்கு அதற்குப் பின்னால் இருந்தது. கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால், மற்றச் சாதிகளின் பெண்கள் அந்த வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள். அந்த வட்டத்தைப் பின்னாளில் சுப்புலட்சுமியே விரித்தார். ஐஸ் ஹவுஸை அடுத்த குப்பத்து மீனவக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு முதல் முதல்வரானார். சாரதா வித்யாலயம் உருவாகக் காரணமாக இருந்தார். 1942இல் வயதுவந்த பெண்கள் படிப்பதற்காக மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். குழந்தை மணத்துக்கு எதிராக ஜோஷி குழுவின் முன் பேசினார். அந்தக் குழுவின் விசாரணையைத் தொடர்ந்து வந்த சாரதா சட்டம் 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பெண்ணின் திருமண வயது 14 என்றானது. பதினோரு வயதில் தாலி ஏறிய ஒருத்திக்கு அது வெறும் சட்டப்பிரிவு அல்ல.

பதவி பறிக்கப்பட்ட பெண்

சுப்புலட்சுமி பிறந்து இருபது ஆண்டுகள் கழித்து, 1906இல் இங்கிலாந்தில் பிறந்தவர் மோனிகா ஃபெல்டன். பாதிரியாரின் மகள். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்றவர், தொழிற்கட்சிக்காரர், லண்டன் கவுன்ட்டி கவுன்சில் உறுப்பினர். நகரத் திட்டமிடல்தான் அவருடைய துறை. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து சிதைந்த லண்டனின் நெரிசலைக் குறைக்க, வெளியே புதுநகரங்களைக் கட்ட பிரிட்டிஷ் அரசு 1946இல் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு வழிவகுத்த ரீத் குழுவில் மோனிகாவும் இருந்தார். அந்தச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட முதல் புதுநகரம் ஸ்டீவனேஜ். அறுபதாயிரம் பேருக்கென்று திட்டமிட்ட ஊர். அதன் வளர்ச்சிக் கழகத்துக்கு 1949இல் அவர் தலைவரானார். ஆண்களே கோலோச்சிய துறையில், நாற்பத்து மூன்று வயதில் ஒரு நகரத்தையே உருவாக்கும் பொறுப்பு.

இரண்டே ஆண்டுகளில் எல்லாம் கவிழ்ந்தது. 1951இல் கொரியப் போர் நடந்துகொண்டிருக்க, பல நாட்டுப் பெண்கள் அடங்கிய ஒரு குழுவோடு வட கொரியா போனார். போரில் சாதாரண மக்கள் பட்ட பாட்டைப் பார்த்துத் திரும்பியவர், தன் நாட்டுப் படையும் பங்கேற்ற தரப்பின் செயல்களைப் பகிரங்கமாகக் கண்டித்தார். எதிரி நாட்டுக்குப் போய்வந்தவர் என்று பத்திரிகைகள் பாய்ந்தன. தேசத்துரோக வழக்குப் போடலாமா என்றுகூட ஆராய்ந்தார்கள். வழக்கு வரவில்லை, வேலை போயிற்று. அமைச்சர் ஹியூ டால்டன் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். சோவியத் ஒன்றியம் அவருக்கு ஸ்டாலின் சமாதானப் பரிசைக் கொடுத்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்த இங்கிலாந்தில் அந்தப் பரிசு அவரை இன்னும் தனிமைப்படுத்தியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1956இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். வாழத் தேர்ந்தெடுத்த ஊர் சென்னை. ஐம்பது வயது, தெரியாத ஊர், தெரியாத மொழி, பின்னால் எரிந்துபோன ஒரு பெயர்.

சொல்ல ஒருத்தி, கேட்க ஒருத்தி

அப்போது சுப்புலட்சுமிக்கு எழுபது. அரசுப் பணியிலிருந்து எப்போதோ ஓய்வுபெற்று, 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்து முடித்திருந்தார். மயிலாப்பூர் மகளிர் மன்றத்தார் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்க உடனிருந்து உதவியதும் அதே 1956இல்தான். 1958இல் பத்மஸ்ரீ வந்தது.

இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருவர் ஆசாரம் குலையாத மயிலாப்பூர் விதவை, பிரிட்டிஷ் அரசிடம் 1920இல் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வாங்கியவர். மற்றவர் அதே பிரிட்டிஷ் அரசு வேண்டாமென்று தள்ளிய இடதுசாரி. ஒருவர் கல்லூரிகளைக் கட்டியவர், மற்றவர் ஊரைக் கட்டப் புறப்பட்டுப் பாதியில் நிறுத்தப்பட்டவர். சாப்பாடு, உடை, மதம், அரசியல் எதிலும் ஒட்டாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது, 'நீ இன்னாள்' என்று ஊர் குத்திய முத்திரையோடு வாழ்ந்து பார்த்த அனுபவம்.

அது மட்டும் இருந்திருந்தால் இரண்டு முறை காபி குடித்துவிட்டுப் பிரிந்திருப்பார்கள். அவர்களைக் கட்டிப்போட்டது ஒரு வேலை. சுப்புலட்சுமி தன் கதையைச் சொல்ல, மோனிகா அதை எழுதினார். வயதான ஒருவரின் வாழ்க்கையைக் கேட்டு எழுதுவது ஒருநாள் பேட்டியில் முடிகிற சமாசாரமா? பேத்திக்குச் சொல்லும் கதை ஒருவிதமாக இருக்கும், அந்நியருக்குச் சொல்லும் கதை வேறுவிதமாக இருக்கும். பேத்திக்கு 'வாழாவெட்டி', 'மடி', 'பத்து' என்றால் விளக்க வேண்டாம். அந்நியருக்கு எல்லாவற்றையும் அடியிலிருந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போதுதான் சொல்கிறவருக்கே தன் வாழ்க்கை புதிதாகத் தெரியும். நெருங்கியவரிடம் சொல்ல முடியாததைத் தூரத்தவரிடம் சொல்லிவிட முடிகிறது என்பது ரயில் பயணம் செய்த எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அந்தப் புத்தகம் 'எ சைல்ட் விடோஸ் ஸ்டோரி' என்ற தலைப்பில் 1966இல் வெளிவந்தது. சுப்புலட்சுமிக்கு அப்போது எண்பது. மோனிகா ராஜாஜியோடு பழகி, 'ஐ மீட் ராஜாஜி' என்ற நூலை அதற்கு முன்பே 1962இல் எழுதியிருந்தார். ராஜாஜியைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருந்தார்கள். சுப்புலட்சுமியின் கதையை அவர் வாயாலேயே கேட்டு நூலாக்கியது, சென்னைக்கு அகதிபோல் வந்துசேர்ந்த இந்த வெள்ளைக்காரப் பெண். சுப்புலட்சுமியைப் பற்றி இன்று எழுத உட்காரும் எவரும் அந்தப் புத்தகத்தைத் தொடாமல் நகர முடியாது.

சுப்புலட்சுமி 1969 டிசம்பர் 20 அன்று, வைகுண்ட ஏகாதசி நாளில் காலமானார். அடுத்த ஆண்டே, 1970இல், மோனிகாவும் சென்னையிலேயே இறந்தார். தன் நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

புதுநகரமும் புதுத் தனிமையும்

மோனிகாவின் கதையில் ஐயப்பன்தாங்கலுக்கு இன்னொரு பாடமும் உண்டு. ஸ்டீவனேஜ் போன்ற புதுநகரங்களை வரைந்தவர்கள் வீடுகளை மட்டும் வரையவில்லை. ஒவ்வொரு பேட்டைக்கும் நடந்துபோகும் தூரத்தில் பள்ளி, கடைத்தெரு, சமுதாயக்கூடம் என்று திட்டமிட்டார்கள். அப்படியும் என்ன நடந்தது? லண்டனின் நெரிசலான சந்துகளிலிருந்து தோட்டத்தோடு கூடிய தனி வீட்டுக்குக் குடிவந்த இல்லத்தரசிகள், அம்மா, அக்கா, பழைய அண்டை வீட்டார் யாரும் பக்கத்தில் இல்லாமல் சோர்ந்துபோனார்கள். 1950களில் பிரிட்டனில் இந்த மனச்சோர்வுக்கென்றே ஒரு பெயர் புழங்கியது. கட்டடம் வந்துவிட்டது, அக்கம்பக்கம் வரவில்லை.

திட்டம் போட்டுக் கட்டிய ஊரிலேயே அந்தக் கதி. ஐயப்பன்தாங்கல் திட்டம் போட்டு வளர்ந்த ஊரும் அல்ல. ஏரியும் வயலுமாக, காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமமாக இருந்த இடம். ஒரு பக்கம் ராமச்சந்திரா மருத்துவமனை, இன்னொரு பக்கம் போரூர், மணப்பாக்கம் ஐ.டி. கம்பெனிகள், ஸ்ரீபெரும்புதூர் நோக்கிய தொழிற்சாலைச் சாலை. மனை விலை ஏற ஏற, மாடிகளும் ஏறின. நீச்சல்குளம் இருக்கிறது, ஜிம் இருக்கிறது, சி.சி.டி.வி. இருக்கிறது. எழுபது வயது அம்மா காலை பதினொரு மணிக்குப் போய் உட்கார்ந்து, தெரியாத ஒருவரோடு பேச்சுக் கொடுக்க ஓர் இடம் இருக்கிறதா? வேலைக்கு வரும் அக்கா இரண்டு வீட்டுக்கு இடையில் கிடைக்கும் அரை மணி நேரத்தில் உட்கார ஒரு நாற்காலி இருக்கிறதா? சில வளாகங்களில் வேலைக்காரப் பெண்களுக்குத் தனி லிஃப்ட் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். லிஃப்டில்கூடச் சந்திக்க விடாத இடத்தில் நட்பு எங்கிருந்து வரும்?

ஆபத்து வரும்போது மட்டும் இந்தச் சுவர்கள் இடிகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாடிவீட்டுக்காரர்கள் தரைத்தளத்துக்காரர்களைக் கூட்டிவைத்துக்கொண்டார்கள். யார் வீட்டு அரிசியோ, யார் வீட்டு அடுப்போ, மொத்தக் கட்டடமும் சேர்ந்து சமைத்தது. தண்ணீர் வடிந்தபோது அந்தப் பழக்கமும் வடிந்துவிட்டது. சேர்ந்து செய்ய வேலை இருந்தவரை உறவு இருந்தது.

ஐயப்பன்தாங்கல் என்ன செய்யலாம்?

வேலைக்கு வருகிற பெண்ணும் வீட்டு அம்மாவும் தோழிகளாகிவிட வேண்டும் என்று உபதேசம் செய்வது எளிது. சம்பளம் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கத்தான் செய்கிறது. 'எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்று சொல்லிக்கொண்டே விடுமுறை தராமலும், தனி டம்ளரில் காபி ஊற்றியும் பழகியவர்கள் நாம். முறையான சம்பளம், வாரத்தில் ஒருநாள் ஓய்வு, அதே டம்ளர். இவை மூன்றும் இல்லாத இடத்தில் நட்பு என்ற பேச்சை எடுக்க நமக்கு உரிமை இல்லை.

அதைச் சரிசெய்த பிறகு, லிஞ்சும் சுப்புலட்சுமியும் செய்ததைச் செய்யலாம். உன்னிடம் என்ன சாவி இருக்கிறது, என்னிடம் என்ன சாவி இருக்கிறது என்று பார்க்கலாம். இந்த வளாகங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் எத்தனை பேர், வங்கி ஊழியர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை கணக்கெடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்ய விண்ணப்பம் எழுதத் தெரியாமலேயே பலர் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை மாதம் இரண்டு நாள் உட்கார்ந்தால் போதும். மாலையில் அந்தப் பெண்களின் பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

மறுபக்கம், செல்போனில் பணம் அனுப்புவது எப்படி என்று மகனிடம் கேட்கக் கூச்சப்படும் அம்மாவுக்கு, வேலைக்கு வரும் பெண் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார். மாங்காடு காமாட்சி அம்மனும் திருவேற்காடு கருமாரியம்மனும் கூப்பிடு தூரத்தில் இருந்தும், தனியாகப் போகப் பயந்து மாதக்கணக்கில் கேட்டைத் தாண்டாத அம்மாக்கள் இருக்கிறார்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எந்த பஸ், எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதெல்லாம் தினமும் அதில் போய்வரும் பெண்ணுக்கு அத்துப்படி. ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் சேர்ந்து போய்விட்டு வரட்டும். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.

மோனிகா செய்ததைச் செய்வது இன்னும் சுலபம். எதிர் ஃபிளாட்டில் இருக்கும் அம்மாவிடம் அவருடைய ஊரைப் பற்றிக் கேளுங்கள். கேட்டதைச் செல்போனில் பதிவு செய்யுங்கள், அல்லது ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டோடு தங்கியிருக்கும் அசாம் பெண்ணிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். அவர் ஊரில் எந்த மாதம் மழை, என்ன அறுவடை, அம்மா என்ன சமைப்பார் என்று அவரும் சொல்லட்டும். எழுதப்படுகிறது என்று தெரிந்தால் மனிதர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள்.

குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கிளப் ஹவுஸின் சாவியை வாரத்தில் இரண்டு பகல் பொழுதுக்குத் திறந்துவிடுங்கள். வீட்டுக்காரர், வேலைக்காரர் என்று பார்க்காமல் எல்லாப் பெண்களும் வந்து உட்காரலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். முதல் வாரம் நாலு பேர்தான் வருவார்கள். எழும்பூர் வீட்டிலும் ஐம்பது பேரோடு தொடங்கவில்லை. பேச யாருமே இல்லாமல், மனம் உடைந்து கிடக்கும் முதியவர்கள் யாராவது உங்கள் தளத்தில் இருந்தால், முதியோருக்கான 14567 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

தனித்திருக்கும் பெண்ணிடம் 'கவலைப்படாதீங்கம்மா' என்று சொல்லி யாரும் அவர் தனிமையைத் தீர்த்ததில்லை. அவருக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். அதைச் சேர்ந்து செய்ய இன்னொருத்தியையும் கொடுங்கள்.